தப்பாயித்து சாமி

தனியாக கேஸ் நடத்தத் தொடங்கிய இரண்டாவது வருடம். ஜீவனஹள்ளியில் பூ விற்கும் முனியம்மா, மகன் குமாரை அழைத்துக்கொண்டு காக்ஸ் டவுனில் இருந்த என் ஆபீசுக்கு வந்தார். குமாருக்கு இருபது வயது. ஐ.டி.ஐ. முடித்தவனை ஒரு ஃபாக்டரியில் எடுத்திருந்தார்கள். போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து, நண்பனின் ஸ்கூட்டரை இரவல் வாங்கிப் போனவனை போலீஸ் நிறுத்தியது. டிக்கியில் ஒரு கஞ்சாப் பொட்டலம். ஜாமீன் கிடைத்துவிட்டது, கேஸ் இருந்தது.

"டிக்கி சாவியே எங்கிட்ட இல்ல மேடம்" என்றான். பொட்டலத்தைக் கைப்பற்றிய இடத்திலேயே போலீஸ் எழுதிய மகஜரைப் படித்தேன். டிக்கியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்ததாக அவர்களே எழுதியிருந்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கேஸை ஜெயித்தே விட்டதாக நினைத்தேன்.

முதல் ஹியரிங்கில் மாஜிஸ்ட்ரேட் கன்னடத்தில் குற்றத்தைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். குமார் கைகூப்பி, "தப்பாயித்து சாமி" என்று கன்னடத்திலேயே தப்பை ஒப்புக்கொண்டான்.

நான் துள்ளி எழுந்து டைம் கேட்டேன். மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்க்கவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று அவனைக் கேட்டார். குமார் பின் பெஞ்சைக் காட்டினான். அங்கே முனியம்மாவும் கும்பிட்டபடி நின்றார். நல்ல மனிதர் அந்த மாஜிஸ்ட்ரேட். அவன் சொன்னதை எழுதிக்கொள்ளாமல் அரை மணி நேரம் கொடுத்தார்.

வராந்தாவில் கத்தினேன். "யாரைக் கேட்டும்மா இப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?"

"ஃபுட்பாத்துல கூடை வெச்சதுக்கு எனக்கு மாசாமாசம் பெட்டி கேஸ் போடுவாங்க மேடம். தப்பாயித்து சாமின்னா ஃபைன் போட்டு அனுப்பிடுவாங்க. எதிர்த்துப் பேசுனா கோவம் வராதா?"

"இதை ஒப்புக்கிட்டா ரெக்கார்டுல ஏறிடும்மா. ஃபாக்டரியில சேர்க்க மாட்டாங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம்புள்ளைய நானே மாட்டி வுட்டிருப்பேனே."

வெட்கமாக இருந்தது. மகஜரை நாலு தடவை படித்த நான், அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் புதிதாக யார் வந்தாலும் செக்‌ஷனைப் பார்ப்பதற்கு முன், "வீட்டுல என்ன சொல்லி அனுப்பினாங்க?" என்றுதான் கேட்கிறேன். ஜூனியர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அரை மணி கழித்து குமார், "நான் தப்பு செய்யல சாமி" என்றான். ஒன்றரை வருடம் இழுத்தது. அவனிடம் இல்லாத அந்த டிக்கி சாவியால்தான் விடுதலையானான். ஃபாக்டரி அதுவரை காத்திருக்கவில்லை, ஆனால் விடுதலைக்குப் பிறகு அடுத்த பேட்ச்சில் அவனை எடுத்துக்கொண்டது.

தீர்ப்பு சொன்ன அன்று முனியம்மா என் பின்னாலேயே வந்தார்.

"ஃபைன் எந்த கவுண்டர்ல மேடம்?"

"ஃபைனே இல்லம்மா. விட்டுட்டாங்க."

அவர் நம்பவில்லை. மகனை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஃபைன் கட்ட யாராவது கூப்பிடுவார்கள் என்று சாயங்காலம் கோர்ட் மூடும்வரை அந்த வராந்தாவிலேயே நின்றிருந்தார்.