குடைக் கம்பியால் இட்ட துளைகள்

கோலா தெர்லாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில், புதிய ரப்பர் சப்பாத்து வாங்கியவர் எவரும் அதை அப்படியே அணிந்துகொள்வதில்லை. முதலில் வெரோனிகாவிடம் கொண்டுசெல்வர். அவர் பழைய குடையொன்றின் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சப்பாத்தின் இருபுறமும் அடியை ஒட்டித் துளையிட்டுத் தருவார்.

தையலோ ஒட்டோ இல்லாமல் கறுப்பு ரப்பரை அச்சில் வார்த்துச் செய்த சப்பாத்து அது. வெரோனிகாவின் தாயார் வெறுங்காலுடன் கொழுந்து பறித்தவர். வெரோனிகா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிடைத்த சப்பாத்துக்கு அடிப்பகுதி தட்டையாக இருந்ததால், நனைந்த சரிவில் கால் நிற்காது. பின்னர் அடியில் குமிழ்கள் வைத்து வந்தது, வழுக்கல் குறைந்தது. ஆனால் மேல்விளிம்பு வழியாகப் புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லை. மாலையில் கழற்றினால் பாதம் ஊறி வெளுத்திருக்கும். அதற்கு லைன் மக்கள் கண்ட வழியே துளை. துளைக்குள் அட்டைகள் நுழையத் தொடங்கியதும், புகையிலைத் தூள் தடவிய கறுப்புக் காற்பந்துக் காலுறையும் உடன் சேர்ந்தது.

பிரிஞ்சாங்கில் கடை வைத்திருக்கும் ஃபரீத், வெரோனிகா துளையிட்ட ஒரு சோடியைத் தமக்குச் சரக்குக் கொடுக்கும் விற்பனையாளரிடம் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் துளையுடனேயே சப்பாத்து வந்தது. ஆனால் துளைகள் உயரத்தில் இருந்தன. தண்ணீர் விரல்களுக்கிடையிலேயே தேங்கியது.

"கம்பெனிக்காரன் போட்ட ஓட்ட காத்து வாங்கத்தான் அக்கா," என்றார் ஃபரீத். "தண்ணி போவணும்னா ஒங்க கொடக்கம்பிதான் லா வேணும்."

வெரோனிகாவின் வேலையில் ஒரு குறை உண்டு. அதை எவரும் குறையாகக் கருதவில்லை. வெளியிலிருந்து கம்பியைச் செலுத்தும்போது உருகும் ரப்பர், உட்புறத்தில் சிறு முள்ளாக இறுகிவிடும். முதல் நாள் சப்பாத்து கடிக்கும். கடிக்கும் இடத்தில் மறுநாள் சவர அலகால் சீவிவிட்டால் முடிந்தது. முள் எங்கே இருக்கிறது என்பதைக் காலே சொல்லிவிடும் என்பது அங்குள்ளோர் அனைவருக்கும் பழகிப்போன முறை.

வெரோனிகாவின் கணவர் பிரெட்ரிக், கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்குபவர். செடி வரிசையின் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் மகேன் என்பவரும் அதைப் பிடித்துக்கொண்டு சரிவில் நடப்பர். அவருக்கு நீரிழிவு நோய் முற்றி, பாதங்கள் மரத்துப்போயிருந்தன. கீழே பார்த்துத்தான் கால் வைக்கும் இடத்தை அவர் அறிவார். இச்செய்தி வெளியே தெரிந்தால் இயந்திர வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள்; வேலை போனால் லைன் வீடும் போகும் என்று அவர் அஞ்சினார். எனவே மகேனிடம்கூடச் சொல்லவில்லை. வெரோனிகா மட்டுமே அறிந்திருந்தார். ஒவ்வொரு நாளும் இயந்திரத்தின் ஓசை நடுவில் நிற்கும்போதெல்லாம், கணவர் விழுந்துவிட்டாரோ என்று வெரோனிகாவின் கையிலிருந்த வேலையும் நின்றுவிடும்.

கால் எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும் என்று கிளினிக்கில் தாதி சொல்லியிருந்தார். ஆதலால் மழைக்காலம் தொடங்கியதும், கணவருக்கு வாங்கிய புதிய சோடியில் வேறு எவருக்கும் இடாத அளவு துளைகளை வெரோனிகா இட்டார். முதல் நாள் மாலை, கடித்ததா என்று கேட்டார்.

"கடிக்கல," என்றார் பிரெட்ரிக். "பூ மாதிரி இருக்கு லா."

தம் கை தேறிவிட்டது என்று வெரோனிகா மகிழ்ந்தார்.

சில நாள்கள் கழித்துக் காலுறையை அலசியபோது தண்ணீர் சிவந்தது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் எளிதில் நிற்காது என்பதை மலையில் பிறந்த அனைவரும் அறிவர். புகையிலைத் தூளை இன்னும் சற்றுக் கூடுதலாகத் தடவினார். மறுநாளும் தண்ணீர் சிவந்தது. அதற்கடுத்த நாள் காலுறையில் ஒரு நாற்றம் இருந்தது. அட்டை கடித்த புண்ணில் நாற்றம் வராது.

வெரோனிகா சப்பாத்துக்குள் கையை விட்டார். சுண்டுவிரல் இருக்கும் பக்கத்தில், உருகி இறுகிய ரப்பர் முள் அவருடைய விரலைக் கீறியது. தாம் எங்கே கம்பியைச் செலுத்தினார் என்பது அவருக்கு நினைவிருந்தது. குளித்துவிட்டு வந்த கணவரை அமரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரலின் பக்கவாட்டில் தோல் இல்லை, சுற்றிலும் கருத்திருந்தது. அவ்விடத்தை அழுத்தினார்.

"வலிக்கலையாங்க?"

"எங்க தொடுற நீ?"

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார் வெரோனிகா. பிரெட்ரிக் மறுத்தார். மழைக்காலம் முடியட்டும் என்றார். வீட்டை நினைத்துப் பார் என்றார். வெரோனிகா ஃபரீத்தைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய வேன் வரும் வரை அந்தச் சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்திருந்தார்.

"வீடு போனா வேற வீடு பாத்துக்கலாம்," என்றார் கணவரிடம். "காலு போனா நான் என்னாங்க செய்யிறது? ஒங்கள அறுத்தது என் கைதானே."

வேன் வந்ததும் பிரெட்ரிக் தாமாகவே ஏறி அமர்ந்தார்.

அன்று பள்ளி விடுமுறை. கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் சாலையை அடைத்திருந்தன. வேன் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பிரெட்ரிக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. வெரோனிகா அவருடைய கணுக்காலைப் பிடித்து, கருமை மேலேறுகிறதா என்று பார்த்தவாறே இருந்தார். வாகனங்களின் நிழல் பாதத்தில் விழும்போதெல்லாம் அது பரவிவிட்டதென்றே எண்ணினார். ஃபரீத் வழிகேட்டு ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

சுண்டுவிரலை எடுத்தார்கள். நஞ்சு ஏறியிருந்தால் பாதத்தையும் எடுக்க வேண்டியிருக்கும், கட்டுப் பிரிக்கும்போதுதான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். கட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் வெரோனிகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தாதியின் குரலுக்காகக் காத்திருந்தார். ஒருநாள், சதை சிவப்பாக வளர்கிறது, பாதத்துக்கு இனி ஆபத்தில்லை என்று தாதி சொன்னார். வெரோனிகா அதை நம்பாமல் மருத்துவரிடமும் கேட்டார்.

இயந்திரத்தில் பிரெட்ரிக் பிடித்த பக்கத்தை இப்போது வேறொருவர் பிடிக்கிறார். பிரெட்ரிக் அஞ்சியபடி வீடு போகவில்லை. அவருக்குத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். தம்மிடம் முன்பே சொல்லாததற்காக மகேன் மட்டும் நெடுநாள் பேசாமலிருந்தார்.

சப்பாத்தில் துளையிடுவதை வெரோனிகா விட்டுவிடவில்லை, முறையை மாற்றிவிட்டார். கம்பியின் நுனியைக் கொக்கிபோல் வளைத்துக்கொண்டு, உள்ளிருந்து வெளிப்புறமாகச் செலுத்துகிறார். முள் இப்போது வெளியே நிற்கிறது. பார்ப்பதற்கு அழகாக இல்லை. எனினும் லைன் மக்கள் அனைவரும் அவ்வாறே கேட்கிறார்கள். ஃபரீத் அதையும் ஒரு சோடி வாங்கி விற்பனையாளருக்கென எடுத்து வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு காலையிலும் பிரெட்ரிக் சப்பாத்தை அணிவதற்கு முன் வெரோனிகா அதற்குள் கையை விட்டு, விரல் நுனிகளால் மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பார்க்கிறார். மாலையில் அவர் வீடு திரும்பியதும், மனைவி கேட்பதற்கு முன்பே, "இன்னைக்கும் கடிக்கல," என்கிறார். வெரோனிகா அதைக் கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு, கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவருடைய காலடியில் வந்து அமர்கிறார்.