முப்பத்தெட்டு மாதக் கர்ப்பமும் ஒரு தாடியும்

வைத்தியத் தொழிலில் நோயைக் கண்டுபிடிப்பதும் அதை அறுத்து எடுப்பதும் சின்ன வேலைகள். அது நோய்தான் என்று நாலு பேரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரிய ஆபரேஷன், அதற்கு மட்டும் குளோரோபாரம் கிடையாது.

இந்த வழக்கில் அநியாயத்துக்கு ஆளானவள் ஆலத்தூர் நாட்டுக் குப்பாயி (எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு). அநியாயம் இது: மூன்று வருஷத்துக்கு மேல் அவளைக் கர்ப்பிணியாகவே வைத்திருந்தார்கள். யார் என்று கேட்டால், அவள் ஊர் முழுவதும், சமவெளி ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும். கோபத்தைக் கொஞ்சம் ஆறப்போட்டு யோசித்தால், நானும்.

நான் அப்போதுதான் பட்டணத்தில் டாக்டர் படிப்பை முடித்திருந்தேன். பட்டம் வாங்கிய கையோடு கொல்லிமலையில் ஒரு சர்க்கார் டிஸ்பென்சரிக்கு அனுப்பிவிட்டார்கள். மலைஜுரத்துக்குக் கொயினா கொடுப்பது என் உத்தியோகம். அதற்கு மேற்பட்டதையெல்லாம் பெரிய டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கீழே அனுப்ப வேண்டும். மோட்டார் ரோடு கிடையாது. கடிதமும் நோயாளியும் ஒரே ஒற்றையடிப் பாதையில்தான் இறங்க வேண்டும். என்னைப் போலவே படித்துவிட்டு மாட்டிக்கொண்ட சகோதரிகளே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

மூக்கில் குடியிருந்தவர்

வாசலூர்பட்டியிலிருந்து வெள்ளையன் என்ற விவசாயி வந்தான். பதினெட்டு நாளாக மூக்கில் ரத்தம். விளக்கைக் காட்டிப் பார்த்தேன். உள்ளே கருப்பாக, பளபளப்பாக, உருண்டையாக ஒன்று. என் பாடப் புத்தகத்தில் வர்ணப் படத்தோடு போட்டிருந்த அபூர்வமான ரத்தக் கட்டியேதான்! நோயாளிக்கு அபூர்வ வியாதி என்று தெரிந்ததும் டாக்டருக்கு ஒரு சந்தோஷம் வரும். வெளியே சொல்ல வெட்கம். அந்தச் சந்தோஷத்தில் பெரிய டாக்டருக்கு மூன்று பக்கம் எழுதினேன். தபால்காரர் வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிட்டார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் கம்பவுண்டர் மாணிக்கம் வாயைத் திறந்தார். "காலையிலேருந்து தண்ணி குடிச்சியாப்பா?" என்று வெள்ளையனைக் கேட்டார். இல்லை என்றான். ஒரு கிண்ணத்தில் ஓடைத் தண்ணீரை மொண்டுவந்து அவன் மூக்குக்குக் கீழே பிடித்தார். கொஞ்ச நேரத்தில் என் ரத்தக் கட்டி தலையை வெளியே நீட்டித் தண்ணீரை எட்டிப் பார்த்தது. மாணிக்கம் இடுக்கியால் லபக்கென்று பிடித்து இழுத்தார். விரல் நீளத்துக்கு ஓர் அட்டை. ஓடையில் குனிந்து தண்ணீர் குடித்தபோது உள்ளே போயிருக்கிறது.

வெள்ளையன் மூக்கைத் தடவிக்கொண்டே விரித்துக் கிடந்த என் புத்தகத்தைப் பார்த்தான். பரிகாசமெல்லாம் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டான்: "ஏனுங்கம்மிணி, இத்தாப்பெரிய புஸ்தகத்துல அட்டைய மட்டும் உட்டுப்போட்டாங்களாங்க?"

தாடிக்கு மருந்து

அடுத்த மாதம் சீரங்கன் வந்தான். வயது முப்பது இருக்கும். தாடி மட்டும் சந்நியாசிக்கு உரியது, நெஞ்சு வரை. தாடிக்குள் கழுத்தெல்லாம் புண். "முதலில் சிரைத்துவிட்டு வா, பிறகு களிம்பு தருகிறேன்" என்றேன். நான் கழுத்தையே அறுக்கச் சொன்னதுபோல் எழுந்து நின்றுவிட்டான்.

விசாரித்தேன். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் முடி எடுக்கக் கூடாதாம். ஆடு வெட்டக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, கூரை வேயக் கூடாது, கயிற்றில் முடிச்சுக்கூடப் போடக் கூடாதாம். அவன் மாட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கட்டிவிட்டுப் போகிறார். கூரை ஒழுகுகிறது, ஒழுகட்டும். புருஷன் முடிச்சுப் போட்டால் மனைவி வயிற்றில் என்ன ஆகும் என்று நான் அரைமணி நேரம் தர்க்கம் செய்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். கடைசியில் அலுத்துப்போய், "சரி, எத்தனை மாதம்? இன்னும் கொஞ்ச நாள்தானே, களிம்பை மேலாகத் தடவு" என்றேன்.

அவன் விரல் விட்டு எண்ணினான். இரண்டு கைகளும் போதவில்லை. மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தான். அதுவும் போதவில்லை.

"வர்ற ஐப்பசிக்கு முப்பத்தெட்டு மாசமுங்க. கொஞ்சம் நாள் தள்ளிப் போயிருச்சுன்னு ஊர்ல பேசிக்கறாங்க."

திருப்பி அனுப்பப்பட்ட சாட்சி

களிம்புச் சிமிழைக்கூட மூடாமல் அவனோடு நடந்தேன். சாமைக் காடுகளைத் தாண்டி இரண்டு மணி நேரம். அவன் மனைவி குப்பாயி வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது; ஏழெட்டு மாதமாக உட்கார்ந்தபடியே தூக்கம். கையும் காலும் சுள்ளி. வயிறு மட்டும் முழுப் பலாப்பழம். தட்டிப் பார்த்தேன். நடுவயிறு மந்தமாக மொத்தென்றது; விலாப்பக்கம் தம்பட்டம்போல் ஒலித்தது. குழந்தையின் நாடி இல்லை, அசைவு இல்லை. சூல்பையில் வளர்ந்த நீர்க்கட்டி. இந்த முறை புத்தகம், படம், என் விரல் மூன்றும் ஒத்துப்போயின. எடுக்காவிட்டால் இன்னும் சில மாதங்களில் மூச்சு நின்றுவிடும்.

"மாதவிலக்கு நின்றுவிட்டதா?" என்று கேட்டேன். அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள். இதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லையாம். "நிக்கவேயில்லீங்களே அம்மிணி! மாசாமாசம் தனிக்குடிசைக்குத்தான் போயிட்டிருந்தேன். வயிறு தெரியவும், புள்ளதாச்சி இங்க வரக்கூடாதுன்னு அங்கிருந்த பொம்பளைங்க வெளியே தள்ளிட்டாங்க. அப்புறம் நான் யாருகிட்டயும் சொல்றதில்லீங்க." அந்த நாட்களில் பெண்கள் ஒதுங்கியிருப்பதற்கென்றே ஊர்க்கோடியில் உள்ள குடிசை அது. கர்ப்பமில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைக் கர்ப்பிணி என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்!

நேரே ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போனேன். குப்பாயிக்கு மாமன் முறை, நிதானமான மனிதர். மூன்றாம் மாதத்தில் சீரங்கன் தெரியாமல் கூரைக்கு முடிச்சுப் போட்டுவிட்டானாம், அதனால் பிள்ளை உள்ளே கட்டுப்பட்டுக் கிடக்கிறதாம். இது ஊர்கூடிச் செய்த தீர்மானம். மனிதக் கர்ப்பம் பத்து மாதம் என்று நான் குரல் உயர்த்தினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஆனைக்கே ரெண்டு வருசமாம், கண்ணு. மனுசப் பொறப்பு ஆனையவிட ஒசத்தி இல்லீங்களா?"

சிவப்பு மசி

பெரிய டாக்டருக்கு எழுதினேன். ஒரே பக்கம்தான்; தட்டியது, கேட்டது, அளந்தது எல்லாம் வரிசையாக. உடனே ஆபரேஷன் தேவை என்று அடியில் கோடு போட்டேன்.

பதில் சிவப்பு மசியில் வந்தது. "சென்ற மாதம் மூக்கில் கட்டி என்றீர்கள், அட்டை வந்தது. இந்த மாதம் வயிற்றில் கட்டி என்கிறீர்கள். ஆண் பிள்ளை வரும். மலைவாசிகளுக்கு மாதக் கணக்கு தெரியாது என்பதைப் படித்த பெண்கள் கவனிக்க வேண்டும். வலி எடுத்ததும் பிரசவ வார்டுக்கு அனுப்பவும்." அட்டை விஷயத்தை மறைக்காமல் அவருக்கு எழுதியவள் நானேதான். என் நேர்மைக்கு இப்போது குப்பாயி மூச்சு முட்ட வேண்டியிருந்தது.

மாணிக்கத்திடம் கடிதத்தை நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஆண் பிள்ளைன்னு போட்டிருக்காரே, அம்மா. நல்ல வார்த்தைதானே."

ஆசைப்பட்ட பண்டம்

அனுமதியாவது ஒன்றாவது, நானே கொண்டுபோகிறேன் என்று டோலி தூக்க நாலு ஆட்களோடு போனேன். ஊர் மறித்தது. கர்ப்பிணி நாட்டு எல்லை ஓடையைத் தாண்டக் கூடாதாம். குப்பாயி வீட்டுக்கு எதிரே பலா மரத்தடியில் கூட்டம். நான் உடற்கூறு சாஸ்திரம் பேசினேன், உரிமை பேசினேன், குச்சியால் மண்ணில் படம்கூடப் போட்டேன். கல்லூரித் தர்க்க சபையில் நான் தோற்றதே இல்லை. அங்கே எதிர்க்கட்சிக்குக் காது இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுவரில் சாய்ந்திருந்த குப்பாயி மூச்சு வாங்கிக்கொண்டு, "மாமா" என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். "புள்ளதாச்சி ஆசைப்பட்டதக் குடுக்கலீன்னா என்னாகுமுங்க?"

"பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழு வடியும். அது தெரிஞ்சதுதானே. என்ன கண்ணு வேணும்? தேனா, கொய்யாவா? சொல்லு, இப்பவே ஆள உடறேன்."

குப்பாயி கண்ணை மூடிக்கொண்டு, நாவில் நீர் ஊறுகிறவளைப்போல் சப்புக்கொட்டினாள். "எனக்குக் கீழ்நாட்டு ஆஸ்பத்திரிய உள்ளாற போய்ப் பாக்கோணும்னு ஒரே ஆசையா இருக்குதுங்க, மாமா."

மரக்குழலில் கேட்ட நாடி

டோலி முடிச்சுகளைப் பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். சீரங்கன் தாடியோடு பின்னால் நடந்தான். அடிவாரத்திலிருந்து மாட்டுவண்டி. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அவளைப் பிரசவ வார்டில் போடச் சொல்லிவிட்டு, குழந்தையின் நாடி கேட்கும் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதை அழுத்தினார். வெகுநேரம் கேட்டார். "கேட்கிறது. நிமிஷத்துக்கு எழுபத்தாறு" என்றார் வெற்றியோடு. குழந்தையின் நாடி அதைப்போல் இரண்டு மடங்கு ஓடும் என்பது முதல் வருஷத்துப் பெண்ணுக்கும் தெரியும். அவர் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். எழுபத்தாறு. "நீங்கள் கேட்டது உங்களுடைய நாடி, டாக்டர்" என்றேன். நர்ஸ்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

அவர் வயிற்றை மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டார்; மறுநாள் காலை மேஜைமேல் கிடத்தினோம். ஒன்று சொல்ல வேண்டும்: அவர் கை பொன்னான கை. அவர் அறுத்தார், நான் காயத்தை விரித்துப் பிடித்தேன். கட்டியில் குழலைச் செருகியதும் பழுப்பு நீர் இரண்டு வாளி நிறைந்தது. மூன்றாவது வாளியில் கட்டியின் வெறுங்கூடு. இன்னொரு பக்கத்துச் சூல்பை சுத்தமாக இருந்தது, அதை விட்டுவைத்தோம். அன்று மாலை குப்பாயி ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினாள். சீரங்கன் கட்டிலருகே நின்று, அவள் படுத்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய டாக்டர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ரிஜிஸ்டரில் நீர்க்கட்டி என்று அழகாக எழுதினார். பிறகு நர்ஸ்கள் முன்னிலையில் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பார்த்தீர்களா, எதையும் அவசரப்பட்டுக் கர்ப்பம் என்று முடிவு கட்டக் கூடாது!"

பிறக்காத பிள்ளை

ஒன்றரை மாதம் கழித்துக் குப்பாயி தன் காலாலேயே மலை ஏறினாள். இனிச் சீரங்கன் தாடியை எடுக்கலாம், கூரை வேயலாம் என்று நினைத்தேன். ஊர் மறுபடியும் பலா மரத்தடியில் கூடியது. சீரங்கன் கொட்டாங்கச்சியில் தண்ணீரும் கையில் கத்தியுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"புள்ள பொறந்தாத்தான் சூலு முடிஞ்சுது" என்றார் ஊர்க்கவுண்டர். "பொறந்துச்சுங்களா?"

"பிறக்கவில்லை. அது பிள்ளையே இல்லை, கட்டி" என்றேன்.

"பொறக்கலீன்னா முடியல."

"வயிறு எங்கே? நீங்களே பாருங்கள்!"

"வயிறு போச்சு, செரி. சூலு போச்சுன்னு யாரு கண்டா?"

"அப்படியானால் இந்த மனிதர் சாகும்வரை தாடியோடு இருக்க வேண்டுமா?"

"கட்டின்னு இப்ப ஒத்துக்கிட்டா, மூணு வருசமா இவன வீணாக் காக்க வெச்சது யாருன்னு கேப்பாங்கல்ல, கண்ணு? நாடு தப்புப் பண்ணாதுங்க."

சீரங்கன் கத்தியை மெல்ல மடியில் வைத்தான். கூரைக்கு இன்னொரு மழைக்காலம். அப்போதுதான் கவனித்தேன்: குப்பாயி வழக்கமாக உட்காரும் சுவரோரத்தில் இல்லை. கூட்டத்தை விட்டுத் தள்ளி, யாரும் தொடமுடியாத தூரத்தில், ஒரு பாயும் சொம்புமாகத் தனியே நின்றுகொண்டிருந்தாள். பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள்.

"சொல்லு கண்ணு" என்றார் ஊர்க்கவுண்டர் அவளைப் பார்த்து. "இந்த அம்மிணி பேசறது எங்களுக்கு வெளங்கல. நீயே சொல்லு. சூலு முடிஞ்சுதா, முடியலியா?"

ஐந்து வருஷம் படித்து, ஒரு மணி நேரம் கத்தி, நான் நிரூபிக்க முடியாததை அவள் ஊர்க்கோடிக் குடிசைப் பக்கம் நடந்துகொண்டே நிரூபித்தாள்:

"நான் குடிசைக்குப் போறேனுங்க, மாமா. இந்தத் தடவையும் புள்ளதாச்சின்னு வெளியே தள்றதுன்னா, அடுத்த மூணு வருசத்துக்கு நீங்க தாடி வளத்துங்க."