ஊசிக்கு முந்தின ரத்தம்

கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பதினோரு வருஷமாகத் தேவசகாயம் தொண்டை வறளக் கத்தியது ஒன்றுதான்: "மொதல்ல ரத்தம், அப்பறம் மருந்து!" ரத்தத்தில் ஓடும் கிருமி எது, அதை எந்த மருந்து கொல்லும் என்று தெரிய வேண்டுமானால், மருந்து உள்ளே போகுமுன் ரத்தம் எடுத்து, அதிலுள்ள கிருமியைப் பாட்டிலில் வளர்க்க வேண்டும். யார் கேட்டார்கள்? ஊசி போடாமல் அனுப்புகிறவரை டாக்டராகவே மதிக்காத ஊர். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வருகிறவர்கள் வரும்போதே இடுப்பைத் தடவிக்கொண்டுதான் வருவார்கள்.

1964 ஆவணியில் அந்த வயிற்றெரிச்சல் அவர் குடும்பத்துக்குள்ளேயே வந்தது. சிதம்பரத்தில் தங்கை தைலம்மாளுக்குப் பிள்ளை பெற்ற ஆறாம் நாள் குளிர்காய்ச்சல். தந்தி கண்டதும் இரண்டு பாட்டில்களைத் துணியில் சுற்றிக்கொண்டு ரயிலேறினார்.

அவள் புருஷன் அந்தோணிசாமி கம்பவுண்டர். கேட்க வேண்டுமா!

"மூணு நாளா நான்தான் பாக்குறேன் மச்சான். தெனம் ஒரு மருந்தா மாத்தி மாத்திக் குடுத்துட்டேன், எறங்க மாட்டேங்குது."

"அறிவிருக்காய்யா ஒனக்கு? சட்ட மாத்துற மாதிரியா மருந்த மாத்துவ?"

"கட்டினவ அனலா கொதிக்கிறா. கைய கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

திட்டிக்கொண்டே ரத்தம் எடுத்து வந்தார். மூன்று நாள் காத்தும் பாட்டில் தெளிவாகவே நின்றது. அத்தனை மருந்து கலந்த ரத்தத்தில் எந்தக் கிருமி தலைதூக்கும்? ஆனால் கண்டதற்கு மேல் ஒரு சொல் எழுதமாட்டேன் என்பது அவருடைய கர்வம். 'வளர்ச்சி இல்லை' என்று எழுதித் தபாலில் போட்டார். அதற்கு அர்த்தம் என்ன என்று கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அந்தோணிசாமி அதைப் படித்துவிட்டு, காய்ச்சலும் சற்றுத் தணிந்திருக்கவே, ரத்தம் சுத்தமாகிவிட்டதென்று எல்லா மருந்தையும் நிறுத்தினான். அக்கம்பக்கத்துக்கு மிட்டாய் வேறு கொடுத்தான். நாலாம் நாள் காய்ச்சல் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது.

தேவசகாயம் மறுபடி ஓடினார். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கே ஊசி போடுமுன் ரத்தம் எடுத்துக்கொண்டு கடலூர் திரும்பினார். மருந்தை நிறுத்திய மடத்தனத்தால்தான் இப்போது ரத்தத்தில் மருந்தில்லை. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? மறுநாளே பாட்டில் கலங்கியது. கிருமியைத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றும் ஒரு மருந்தில் தோய்த்த காகித வில்லைகளை வைத்தார். அடுத்த நாள் பார்த்தால், ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி அண்டவில்லை. பதில் கிடைத்துவிட்டது! தந்தியை நம்பாமல் தானே ரயிலேறினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தோணிசாமி பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"விடியக்காலம் போயிட்டா மச்சான்."

தேவசகாயம் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்தார். அந்தோணிசாமிதான் கேட்டான்.

"எந்த மருந்துன்னு தெரிஞ்சுதா?"

"குளோரோமைசெட்டின்."

அந்தோணிசாமி பிள்ளையின் துணியை இழுத்துப் போர்த்திவிட்டான்.

"அதத்தான் மூணாம் நாளு குடுத்தேன். ரெண்டு வேள. எறங்கலன்னு நிறுத்திட்டேன்."