கீரை பிழைத்தால் மண் நல்லதா?

முகத்துவாரக்குப்பத்து நீலா மீன்காரக் குடும்பத்தில் பிறந்து மீன்காரருக்கே வாழ்க்கைப்பட்டவள். முகத்துவாரத்தில் மீன் அற்றுப்போய்ப் புருஷன் கருணாகரன் துறைமுகத்துக்குக் கூலிவேலைக்குப் போன வருஷம், வீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில் அவள் தண்டுக்கீரை விதைத்தாள். கட்டு கட்டித் திருவொற்றியூர்த் தெருக்களில் கூவி விற்றாள். நன்றாகத்தான் போயிற்று, பக்கத்துக் கம்பெனியின் உப்புக் கழிவுநீர்க் குழாய் கெடுகிறவரை.

ஒரேயடியாக உடைந்திருந்தாலாவது யாராவது கேட்டிருப்பார்கள். அது மூட்டுக்கு மூட்டுக் கசிந்தது. கசிந்த இடமெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்தது. விதைத்த கீரை கருகிப்போய் ஏழே ஏழு தண்டு நின்றது. வேறொருத்தியாக இருந்தால் விட்டிருப்பாள். இவள் அவற்றைப் பறிக்காமல் பூக்கவிட்டு, விதை எடுத்து, அதையே திரும்ப விதைத்தாள். அதில் எது பிழைத்ததோ அதிலிருந்துதான் அடுத்த விதை. இப்படியே எட்டு வருஷம். குப்பமே வெளுத்துக் கிடக்க, இவள் பாத்தி மட்டும் பச்சென்று நின்றது.

குழாயை மாற்றச் சொல்லிக் குப்பத்தார் மனு கொடுத்தார்கள். கம்பெனியிலிருந்து பிரகாஷ் என்ற அதிகாரி வந்தார். நாறுகிற குழாயை ஒரு பார்வை பார்த்தார். நீலாவின் பாத்தியைக் கண்டதும் முகம் மலர்ந்துபோய், கீரைக்கட்டோடு நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். நம்ம கீரையையும் ஒருத்தர் மதிக்கிறாரே என்று இவளும் தலையைச் சீவிக்கொண்டு வந்து சிரித்தபடி நின்றாள். அங்கேதான் ஏமாந்தாள்.

பதினைந்து நாள் கழித்து நடந்த கூட்டத்தில் அதே படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். இந்த மண்ணில் பயிர் செழிப்பாக வளர்கிறது, குழாயால் கேடு எதுவும் இல்லை, மாற்றவேண்டிய அவசியமும் இல்லை என்று பிரகாஷ் அறிக்கையைப் படித்து முடித்தார். கூட்டம் மொத்தமும் திரும்பி நீலாவைப் பார்த்தது.

"நல்லா சிரிச்சிகினு நிக்கிற," என்றாள் பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீ. "இன்னா குடுத்தாங்கோ, சீப்பா, சோப்பா?"

நீலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எட்டு வருஷம் உப்போடு போராடி அவள் காப்பாற்றிய கீரையை எடுத்து அவள் ஜனங்கள் வாயையே அடைத்துவிட்டார்கள். இது எந்த ஊர் நியாயம்?

சங்கமித்ரா என்று ஒரு வியாசர்பாடிப் பெண், கல்லூரியில் பயிர் ஆராய்ச்சி செய்கிறவள், ஒரு வருஷமாக அந்தக் கீரை இலையை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். மறுநாளே நீலா அவளைப் பிடித்து உட்காரவைத்து, என் கீரை ஏன் சாகவில்லை, அதை முதலில் சொல் என்றாள்.

உப்பு ஏறினால் இலைக்குள்ளே ஒரு நச்சு உண்டாகும், துரு இரும்பைத் தின்பதுபோல அது இலையைத் தின்னும் என்றாள் சங்கமித்ரா. அதை அடக்க இலையிலேயே நொதிகள் உண்டு. ஒரு நொதி நச்சைப் பிடித்து அதன் வீரியத்தைக் குறைக்கும். மிச்சத்தை இன்னொரு நொதி வெறும் தண்ணீராகவும் காற்றாகவும் பிரித்துவிடும். கடை விதைக் கீரையைவிட நீலாவின் கீரையில் இந்த வேலை இரண்டு பங்கு நடக்கிறது. சத்தெல்லாம் அதற்கே செலவாவதால்தான் தண்டு விரல் பருமன்கூட இல்லை, இலையும் சிறுத்திருக்கிறது.

"ஓட்டப் படகுல தண்ணிய மொண்டு ஊத்திகினே போற மாதிரி," என்றாள் நீலா. "படகு முழுகலன்னா ஓட்டையே இல்லன்றானா அந்தாளு?"

வண்ணாரப்பேட்டைக்குப் போய் ஒரு பாக்கெட் கீரை விதை வாங்கிவந்தாள். பாதியைத் தன் பாத்திக்குப் பக்கத்தில் விதைத்தாள். அதே மண், அதே தண்ணீர். மீதியைச் சங்கமித்ரா கல்லூரித் தொட்டியில் நல்ல மண்ணில் போட்டாள். இருபதாம் நாள், குப்பத்தில் விதைத்த கடைக்கீரை நுனி கருகிச் சாய்ந்தது. நீலா போய்க் கம்பெனி வாசலில் உட்கார்ந்துகொண்டாள். வெயிலுக்கும் எழவில்லை, காவல்காரர் அதட்டலுக்கும் எழவில்லை. மூன்றாம் நாள் பிரகாஷ் அவளோடு பாத்திக்கு வந்தார்.

"அன்னிக்கி போட்டோ எடுத்தியே நைனா, இத்தயும் எடு," என்றாள்.

விதை மட்டமாக இருக்கும் என்று அவர் இழுத்தார். சங்கமித்ரா தொட்டியைக் கொண்டுவந்து அவர் எதிரே வைத்தாள். அதே பாக்கெட் விதை தளதளவென்று நின்றது.

"என் கீர உப்போட மல்லுகட்டிகினு கீது," என்றாள் நீலா. "அது பொழச்சது அதோட சாமர்த்தியம். அத்தப் போயி உன் குழாய்க்கி சர்டிபிகேட்டு ஆக்கிட்ட. நாளிக்கி எங்களயும் உசிரோடதான கீறாங்கன்னு எழுதுவ."

பிரகாஷ் கருகிய கீரையைப் படம் எடுத்தார்.

மாற்றி எழுதிய அறிக்கையில் இரண்டு படமும் இருந்தன. குழாய் முழுதும் மாற்றப்படும் என்றும் இருந்தது. குப்பத்தின் சார்பில் நீலா கைநாட்டு வைக்கவேண்டும் என்றார்கள். மையில் விரலைத் தோய்த்தவள் அதைத் தூக்கியே பிடித்துக்கொண்டு, என்றைக்கு மாற்றுவீர்கள், தேதி போடவில்லையே என்று கேட்டாள். மேலிடத்தைக் கேட்கவேண்டும் என்றார் பிரகாஷ். கேளுங்கள், நான் எங்கேயும் போகவில்லை என்றாள். ஜெயஸ்ரீ ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவளுக்குப் போட்டாள்.

தேதி வந்து சேர அரை மணி ஆயிற்று. சங்கமித்ரா அதை இரண்டு தரம் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் நீலாவின் விரல் காகிதத்தில் பட்டது.