அப்பா ஏறினா நெட் வரும், இறங்கினா போவும்

எம் பொண்ணோட மூஞ்சிய அவ அப்பா அன்னிக்கு வரைக்கும் பாக்கல. எங்க வூட்டுக்காரருக்குக் கப்பல்ல வேலை. போட்டோ அனுப்பட்டுமான்னா வேணாமாம், மொதமொதல்ல அசையறதத்தான் பாக்கணுமாம். கிறுக்கு! அன்னிக்குக் கப்பல் ஏதோ துறைமுகத்துல நின்னுச்சு, சாயங்காலமே கிளம்பிடும். அதுக்குள்ள வீடியோ கால்ல வர்றேன்னாரு.

பிரசவத்துக்கு மரக்காணம் வந்து அம்மா வூட்லதான் இருந்தேன். குழந்தையக் குளிப்பாட்டி, மை வச்சு, சட்டை மாத்தி உக்காந்தா, கால் வருது. வந்தது மனுஷன் இல்ல, கட்டம் கட்டமா பாதி மூக்கும் ஒரு காதும். எனக்கு வந்துச்சு பாரு கோவம்! செல் டேட்டா எங்க தெருவுலயே எடுக்காது, வைஃபைய விட்டா வேற வழியில்ல.

"அப்பா, மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா!"

உப்பளத்துலேர்ந்து அப்பத்தான் வந்த அப்பா, ஸ்டூலப் போட்டுப் பரண்ல ஏறினாரு. ஐயோ, பளிச்சுன்னு படம்! எங்க வூட்டுக்காரரு பல்லு தெரியுது. குழந்தையத் தூக்கறதுக்குள்ள அப்பா இறங்கிட்டாரு, படமும் போச்சு. மறுபடி ஏறினாரு, வந்துச்சு. இறங்கினாரு, போச்சு.

"உங்கப்பா கைராசி அப்படிடி"ன்னு அம்மாவுக்கு ஒரே பெருமை.

"அங்கியே நில்லுப்பா, இறங்காத!"ன்னு கத்தினேன்.

"ஏம்மா, எவ்ளோ நேரம் தொறந்தே வச்சிருக்கறது? உப்புக்காத்து அரிச்சுடும்ல?"

"எதத் தொறந்து?"

அம்மா ஏறிப் பாத்தாங்க. எனக்குச் சீர் குடுக்க வாங்கி வச்ச பெரிய எவர்சில்வர் சம்படத்துக்குள்ள மோடம் உக்காந்திருக்குது! போன மோடம் துருப்பிடிச்சுப் போச்சாம். எங்க ஊர்ல பூட்டுக்கு எண்ணெய், சைக்கிளுக்கு கிரீஸ், மிச்சமெல்லாம் மூடித்தான் வைப்போம். அப்பா மோடத்தையும் மூடிட்டாரு.

"சம்படத்துல அடைச்சா வைஃபை எப்படிப்பா வெளிய வரும்?"

"ஓட்டை போட்டிருக்கேனேம்மா!"

தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்கச் சிரிச்சேன். அம்மா ஸ்டூல் மேலயே நின்னுக்கினு சிரிச்சாங்க. அப்பா மட்டும் முறைச்சாரு, அப்புறம் அவரும் சிரிச்சுட்டாரு.

மோடத்த வெளிய எடுத்து வச்சோம். திரும்பக் கூப்பிட்டேன். முழு மூஞ்சியா வந்தாரு. குழந்தையத் தூக்கி செல்லுகிட்ட காட்டினேன். கொட்டாவி வுட்டா. அவரு வாயப் பாதி தொறந்தபடி அப்படியே நின்னுட்டாரு, ஒரு அசைவும் இல்ல.

"போச்சு, மறுபடியும் நின்னுடுச்சு! அப்பா!"

அப்பா ஸ்டூலத் தூக்கினு ஓடி வந்தாரு. அதுக்குள்ள செல்லுல எங்க வூட்டுக்காரரு ரெண்டு கண்ணும் ரொம்பி வழிஞ்சுது. நெட் நல்லாத்தான் இருந்துச்சு.

"கத்தாத. கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்"னாரு.