கிற்றாருக்குள் யார் பெயர்?

மகளின் கிற்றாருக்குக் கம்பி மாற்ற இன்று ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள இசைக்கருவிக் கடைக்குப் போனேன். திருத்துபவர் யாழ்ப்பாணத்து அண்ணை. கம்பியைக் கழற்றியதும் டோர்ச் அடித்து உள்ளே தேடினார்.

"என்னண்ணை பாக்கிறியள்?"

"இந்தக் கம்பனியின்ர இங்கிலாந்துத் தொழிற்சாலையில வேலை செய்தனான். செய்த ஆள் உள்ளுக்க பென்சிலால பேர் எழுதிறது எங்கட வழக்கம். அந்தத் தொழிற்சாலையை மூடேக்க, சீனாவில ஆக்களைப் பழக்க என்னைத்தான் அனுப்பினவை. பேர் எழுதவும் பழக்கினனான்."

"இதுக்குள்ள எழுதியிருக்கினமோ?"

"இல்லைத் தம்பி. இது இந்தோனேசியாவில செய்தது. சீனாவிலயும் மூடிட்டாங்கள். நான் பழக்கின ஆக்களும் அங்க போய் ஆரையோ பழக்கியிருப்பினம்."

உள்ளே ஒரு பார்கோட் மட்டும். வெளியே அதே பழைய கம்பனிப் பெயர், தங்க எழுத்தில்.

உங்கள் வீட்டுக் கிற்றாருக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாருங்கள். செய்தவரின் பெயர் இருந்தால் கீழே எழுதுங்கள். கம்பனியின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.