காலால் பிறந்தவளைத் தேடி நடந்த நாள்

இடுப்புப் பிடித்துக்கொண்டால் எங்கள் காலடிப்பேட்டையில் வைத்தியம் ஒன்றுதான். தாய் வயிற்றிலிருந்து தலை வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர் யாராவது, வலிக்கிற இடத்தில் இடது காலால் மூன்று உதை விட வேண்டும். அப்படிப் பிறந்தவள் எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள். ஆப்பம் சுட்டு விற்பவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதால் அக்கா என்பேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கால்வாய்ப் படகில் வரும் விறகை இறக்கி, அதை அடுக்கி விற்கும் விறகுத் தொட்டிக்குச் சுமப்பது என் வேலை. வருஷத்தில் மூன்று நான்கு தரம் இடுப்புப் பிடிக்கும். உடனே பாயில் விழுவேன். அசைந்தால் முதுகெலும்பு சுள்ளி மாதிரி முறிந்துவிடுமோ என்று பயம். அக்கா வந்து உதைத்த பிறகும் மூன்று நாள் எழமாட்டேன்.

அந்தத் தடவை மேஸ்திரி முன்னாலேயே சொல்லியிருந்தார்: "இன்னொரு வாட்டி இடுப்பு கிடுப்புன்னு பட்த்துக்கினே, உன் எடத்துல வேற ஆளு."

சொல்லிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சொம்பை எடுக்கக் குனிந்தேன், பிடித்துக்கொண்டது. அக்காவைக் கூப்பிடப் போன என் மனைவி தனியாகத் திரும்பினாள்.

"அக்கா தன் பொண்ணு பிரசவத்துக்குக் கொருக்குப்பேட்டை போயிருச்சாம். வர ஒரு மாசம் ஆவும்."

"சொல்லி அனுப்பேன்."

"பேரப்புள்ளயப் போட்டுட்டு உன்ன ஒதைக்க ஓடியாருமா? வோணும்னா நீ போ."

விடிந்தால் வேலை. வேறு வழியில்லை. கொருக்குப்பேட்டைக்கே நடப்பது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வந்தேன். பத்தடிக்கு ஒரு தரம் நின்றேன். நடுவழியில் விழுந்தால் யார் தூக்குவார்கள், தூக்கினால் இன்னும் முறிந்துபோகுமோ, நாளைக்கு என் இடத்தில் நிற்கப்போகிறவன் யார் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. இடுப்பைவிட அதுதான் அதிகம் படுத்தியது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் பொறுக்க மாட்டாமல் அங்கேயே முன்னும் பின்னும் நடந்தேன். தோளிலிருந்து துண்டு விழுந்தது. குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்ட பிறகுதான், ஐயோ குனிந்துவிட்டோமே என்று இடுப்பைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வலி இருந்தது. ஆனால் காலையில் இருந்த வலி இல்லை.

கொருக்குப்பேட்டையில் மகள் வீட்டுத் தெருக் குழாயடியில் அக்கா நின்றிருந்தாள். ஒரு கை குடத்தில், இன்னொரு கை இடுப்பில்.

"இன்னாக்கா, உனக்குமா?"

"மூணு நாளா புடிச்சிக்கினு கீது நைனா."

"நீயே காலால பொறந்தவ!"

"அதுக்கு? என்ன நானே ஒதச்சிக்க முடியுமா?"

"அப்ப இன்னா பண்றே?"

"இன்னா பண்றது, பச்ச ஒடம்புக்காரிக்கு வெந்நி போட வாணாமா? அரக்கொடமா தூக்கறேன். ரெண்டு வாட்டி நடக்கறேன். ஆமா, நீ எப்டி வந்தே?"

"நடந்துதான்."

"காலடிப்பேட்டைலேர்ந்தா? இம்மாந்தூரம் நடந்தவனுக்கு ஒதை எதுக்கு?" என்று சிரித்தாள். என் முகம் விழுந்ததைப் பார்த்தாளோ என்னவோ, "சரி, வந்ததுக்கு வாங்கிக்கினு போ" என்று மூன்று தரம் காலால் தொட்டாள். அவள் இடுப்பு காலை அதற்கு மேல் தூக்க விடவில்லை.

மறுநாள் தொட்டிக்குப் போனேன். மற்றவர்கள் எடுக்கும் சுமையில் பாதிதான் எடுத்தேன். அவர்கள் ஒரு நடையில் கொண்டுபோவதை மெதுவாக இரண்டு நடையாகக் கொண்டுபோனேன்.

"இன்னாடா, சாமி ஊர்கோலமா?" என்றார் மேஸ்திரி.

"இடுப்பு புடிச்சிக்கினு கீது மேஸ்திரி. விறகு எல்லாம் சாயந்தரத்துக்குள்ள வந்துரும்."

வலி இருப்பதை அவரிடம் நின்றுகொண்டு சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சாயங்காலம் வரை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டை இறக்கியபோது, "நாளைக்கும் வா" என்றார்.

பிடிப்பு அதற்கப்புறமும் வரத்தான் செய்தது. வந்தால் மனசு முதலில் முதுகு முறியும் பயத்துக்குத்தான் ஓடும். ஓடட்டும் என்று விட்டுவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை ஒரு நடை போய் வருவேன்.